பச்சைத் தண்ணீர் வந்த கிணறு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இருமல் மருந்தைக் குடிக்கிறாரா, உன்னை ஏமாற்றுகிறாரா?

இப்போது ஒரு பழைய ஏரிக்கரையில் வேலை. மண் கரை ஓரிடத்தில் உள்வாங்கிவிட்டது. தண்ணீர் எந்த வழியாகக் கசிகிறது என்று பார்க்க, நேற்றுக் காலை மேஸ்திரி அந்த இடத்துக்கு நேராக ஏரியில் பச்சைச் சாயம் ஊற்றினார். கெடுதல் இல்லாத சாயம்தான். கரையின் அடியில் கசியும் தண்ணீரைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே பச்சை வரவில்லை. மதியம், கரைக்குக் கீழே குடியிருக்கும் ஓர் அக்கா வாளியோடு வந்தார்.

"யாருடி என் கிணத்துல சாயத்தக் கலந்தது? பிள்ளையோட வெள்ளைச் சட்டை கிளி மாதிரி ஆயிடுச்சு."

சாயம் இவ்வளவு சீக்கிரம் கிணற்றுக்கு வந்தால், கரைக்குள் பொந்து விழுந்து மண்ணும் கரைந்து போகிறது என்று அர்த்தம். கரை உடைந்தால் முதலில் போவது அவர் வீடுதான்.

"அக்கா, வீட்ல இருக்காதீங்க" என்றேன்.

"என்ன முனகுற? வாயத் திறந்து சொல்லு."

"பிள்ளையத் தூக்கிட்டு மேல வாங்க, கரை உடைஞ்சிடும்" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சத்தில் செத்தே போனேன். ஆனால் அக்கா பிள்ளையோடு மேலே வந்துவிட்டார்.

உடனே மதகைத் திறந்தார்கள்; இன்று காலைக்குள் ஏரி பாதிக்கு இறங்கிவிட்டது. இனிப் பயமில்லை. அக்காவுக்குச் சட்டைக் கோபம் மட்டும் தீரவில்லை.

போர்த்திக்கொள்ள உன் பழைய புடவை ஒன்று அனுப்பு. துவைக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி போனுக்குக் கூப்பிடு. போன தடவை போல எல்லாவற்றுக்கும் 'ம்' என்று மட்டும் சொல்ல மாட்டேன். எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிட்டது.

உன் மகள்