குறுக்கே நிறுத்திய காரின் கூப்பாடு

அக்டோபர் 14, செவ்வாய்

காலை ஏழு மணிக்குக் கார் மறுபடியும் கத்தியது. பல் துலக்கிக்கொண்டிருந்தவள் வாய் நுரையோடு மாடி இறங்கி ஓடினேன். காரைச் சுற்றி ஈ காக்கை இல்லை. கதவெல்லாம் பூட்டியபடியே இருந்தது. ரிமோட்டை அமுக்கியதும் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிட்டது.

இருபத்து மூன்று வருஷத்து வண்டி. இந்த அலாரம் எனக்கு முன் வைத்திருந்தவர் ஆசைப்பட்டு மாட்டியது. இதை யார் திருடப்போகிறார்கள்?

எங்கள் குடியிருப்பின் காவலாளி மா அண்ணன் கூண்டுக்குள்ளிருந்தே கேட்டார்: “203 அக்கா, நேத்தும் இதே நேரம்தான். ஆபீஸ் போறவங்கள எழுப்பிவிடுற வேலையும் எடுத்திருக்கீங்களா?”

இன்று முதல் அது கத்தும் நேரத்தை இங்கே குறித்துவைக்கப் போகிறேன். அதா நானா, பார்த்துவிடலாம்.

அக்டோபர் 15, புதன்

ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டேன். 7.05 – கத்தியது.

அக்டோபர் 16, வியாழன்

7.01.

அறிவிப்புப் பலகையில் என் கார் எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு ஒரு தாள். எழுதியவர் குடியிருப்போர் பிரதிநிதி, 501ஆம் வீட்டு ப்யோ கியூ-மான். 25ஆம் தேதி சனிக்கிழமை கூட்டம். அதற்குள் சரியாகாவிட்டால் வண்டியை வளாகத்துக்குள் விடக்கூடாதாம். கீழே பதினான்கு கையெழுத்து, முதலில் அவருடையது. அவர் வீட்டில் இரண்டு மாதப் பேத்தி இருக்கிறாள், தினமும் திடுக்கிட்டு அழுகிறாளாம். குழந்தையைச் சொன்னால் எனக்கும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

ஆனால் வெளியே எங்கே நிறுத்துவேன்? நவம்பர் மூன்றிலிருந்து சந்தையில் எனக்கென்று ஒரு கடை. ஆலை கேன்டீனில் பதினோரு வருஷம் அடுத்தவர் சொன்ன அளவில் உப்புப் போட்டவள் நான். இனி என் கை அளவு. சமைப்பது வீட்டில், விற்பது நான்கு கிலோமீட்டர் தள்ளி. பதினெட்டு டப்பா கிம்ச்சி ஊறுகாயையும் கீரையையும் தலையிலா சுமப்பேன்? கார் போனால் கடை போச்சு.

அக்டோபர் 17, வெள்ளி

7.03.

தக் என்ற மெக்கானிக் பையனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அலாரத்தைப் பிடுங்கி எறி என்றேன். “முடியாதுக்கா. எஞ்சினையும் இதையும் ஒண்ணா கட்டி வச்சிருக்கான் எவனோ. பிடுங்குனா வண்டியே ஸ்டார்ட் ஆகாது.”

பேட்டரி சரி. கதவு ஸ்விட்ச்சுகள் சரி. பானெட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் துரு ஏறிக் கிடந்தது. பானெட்டை யாரோ திறந்துவிட்டார்கள் என்று நினைத்து வண்டி கத்துகிறதாம். சுரண்டித் துடைத்து மாட்டினான். “இனிமே கத்துனா என் பேரை மாத்திக்கிறேன்!”

திரும்பி வந்தபோது நிறுத்த இடமில்லை. வழக்கம்போல மற்றவர் கார்களுக்குக் குறுக்கே நிறுத்தி, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக் போடாமல், சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தேன். உள்ளே இருப்பவர் என் வண்டியைத் தள்ளிவிட்டுப் போகவேண்டுமே! ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுப் போனாள் என்ற கெட்ட பேரை மட்டும் இந்த வளாகத்தில் நான் வாங்கியதில்லை.

அக்டோபர் 18, சனி

கத்தவில்லை!

அக்டோபர் 19, ஞாயிறு

கத்தவில்லை! சந்தோஷத்தில் வெங்காயத்தாள் அடை ஆறு சுட்டேன். மா அண்ணனுக்கு இரண்டு, எனக்கு நான்கு.

அக்டோபர் 20, திங்கள்

7.02. மெக்கானிக் தக்குக்குப் போன் போட்டேன். “என்ன பேர் வச்சுக்கப்போற?” போனை வைத்துவிட்டான், படவா.

அக்டோபர் 21, செவ்வாய்

கத்தவில்லை. ஏன் கத்தவில்லை? கத்தினாலும் எரிச்சல், கத்தாவிட்டாலும் எரிச்சல். அதற்குப் பைத்தியமா, எனக்கா?

அக்டோபர் 22, புதன்

7.04.

அடுப்பில் சோயாக் குழம்பை வைத்துவிட்டு இந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். சனி, ஞாயிறு இல்லை. செவ்வாய் இல்லை – திங்கள் மாலை அதிசயமாகப் பார்க்கிங் கோட்டுக்குள்ளேயே இடம் கிடைத்தது! கத்திய நாளெல்லாம் வேலை நாள், வண்டி நின்றது குறுக்கே. அப்படியானால் தள்ளுகிறவர்... ஆனால் தள்ளும்போது கத்தினால் தள்ளியவர் அங்கேதானே நிற்கவேண்டும்? நான் ஓடிப்போனால் ஒருவருமில்லையே!

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. போகட்டும்.

அக்டோபர் 23, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்! கண்டுபிடித்துவிட்டேன்!

ஆறரைக்கே மா அண்ணன் கூண்டில் போய் உட்கார்ந்தேன். இருவரும் காபி குடித்தோம். 6.54க்கு ஒருவர் கோட்டு சூட்டில் வந்தார். காலால் என் கல்லைத் தட்டிவிட்டார். இடுப்பைக் கொடுத்து வண்டியைச் சரிவுப் பக்கம் தள்ளினார். கல்லைக் குனிந்து எடுத்தால் கை அழுக்காகும் அல்லவா? குப்பைப் பக்கம் கிடந்த ஒரு அட்டைப் பெட்டியை மிதித்து மடக்கி, ஷூ நுனியால் சக்கரத்தடியில் சொருகிவிட்டுத் தன் காரில் போய்விட்டார். ப்யோ கியூ-மான்! முதல் கையெழுத்து!

அட்டை பனியில் நனைந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கியது. 7.02க்கு வண்டி ஒரு முழம் உருண்டு பூச்செடித் திட்டில் மெல்ல முட்டியது. ஊரைக் கூட்டியது.

மா அண்ணன் காபியைச் சட்டையில் துப்பிக்கொண்டு சிரித்தார். “நோட்டீஸ் ஒட்டுற ஐயாவா? ஐயோ, என் வயிறு!”

இவ்வளவு மெதுவாக முட்டியதற்கு ஏன் இந்தக் கூப்பாடு? நேரே தக்கிடம் போனேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டவன் கூவினான். அதிர்வைக் கவனிக்கும் சின்னப் பெட்டி, ஒட்டியிருந்த டேப் காய்ந்துபோய், வயரில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. புது டேப் போட்டு ஒட்டி, சின்ன அதிர்வுக்கெல்லாம் கத்தாதபடி அதன் திருகாணியைக் கொஞ்சம் திருகிவிட்டான்.

அக்டோபர் 24, வெள்ளி

ப்யோ தள்ளினார். அட்டை நசுங்கியது. வண்டி முட்டியது. சத்தமே இல்லை! கூண்டுக்குள் நானும் மா அண்ணனும் கைகோத்து ஆடினோம்.

நாளைக்குக் கூட்டத்தில் அவர் முகத்துக்கு நேரே சொல்லவேண்டிய வாக்கியத்தை மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அலுவலக அறை நிறைய ஆட்கள், மேசை நிறைய ஆரஞ்சு. சரிசெய்துவிட்டேன் என்றேன். ப்யோ கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “மறுபடி கத்தாதுன்னு என்ன நிச்சயம்? காரணம் தெரியணும்ல?” என்றார். காரணத்தைச் சொன்னேன். தள்ளிய ஆள் கல்லை வைக்காமல் அட்டையை வைத்துவிட்டுப் போனார் என்றேன்.

அவருக்கு வந்ததே கோபம்! “யாருங்க அந்த நாகரிகம் இல்லாத ஆளு? பேரைச் சொல்லுங்க, நாளைக்கே நோட்டீஸ் ஒட்டுறேன்!”

பேர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் மனைவி முதுகில் பேத்தியைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறார். என்னால் முடியவில்லை. “அட்டை தாங்கும்னு நெனச்சிருப்பாங்க, பாவம்” என்றேன்.

ப்யோவின் காது சிவந்தது. பிறகு, மெல்ல: “பால் பெட்டி அட்டை... நல்லா கெட்டியாத்தான இருந்துச்சு...”

பால் பெட்டி என்று நான் சொல்லவே இல்லை!

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். “ஏங்க! பாப்பாவ தினம் அழவச்சது நீங்கதானா?” அப்புறம் அறை முழுக்கச் சிரிப்பு. மா அண்ணன் ஆரஞ்சுச் சுளை புரையேறி வெளியே ஓடினார். ப்யோ எழுந்து நின்று எனக்கு இடுப்பு மடங்க வணங்கினார். “203 அக்கா, மன்னிச்சுக்கங்க. இனிமே கையுறை போட்டுக்கிட்டுக் கல்லை வைக்கிறேன்.” எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்ல ஒரு மனசு வேண்டும். எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

வண்டி இருக்கிறது. கடை இருக்கிறது. கண்ணில் தண்ணீர், சிரித்ததாலா என்று தெரியவில்லை.

நவம்பர் 3, திங்கள்

கடை திறந்தேன். பதினோரு மணிக்குள் பதினேழு டப்பா காலி.

நவம்பர் 12, புதன்

சாயங்காலம் காலி டப்பாக்களோடு படியேறும்போது ப்யோ எதிரே வந்தார். இரண்டு டப்பாவை வாங்கிக்கொண்டு கூடவே ஏறினார். முகம் வாடியிருந்தது.

“என்ன ஐயா, வண்டி ஏதும் தொந்தரவு பண்ணுச்சா?”

“வண்டிய எங்கக்கா பாக்குறது? நான் புதுக் கையுறையோட இறங்கி வர்றேன், நீங்க அஞ்சரைக்கே கடைக்குப் போயிடுறீங்களாம். ஒரு வாரமா எனக்குத் தள்ள ஒண்ணுமே இல்ல!”

சீக்கிரம் படுக்கவேண்டும். நாளைக்கு முப்பது டப்பா.