அறுபது குடம் தண்ணீரும் உன் அத்தையும்

அன்பு மகள் ரோதைக்கு, அந்தியோகியாவிலிருந்து அப்பா மெனாகேம் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் வழக்கமான சண்டைகளோடும் இருக்கிறோம், நீ எபேசுவில் வயிற்றுப் பிள்ளையோடு சுகமாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்த பிறகுதான் உன் அம்மா இரண்டு வேளை சாப்பிட்டாள். உன் தம்பிக்குக் கீழ்ப்பல் இரண்டு முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததைக் கடிக்கிறான், நேற்று என் மட்டக்கோலைக் கடித்து வைத்தான். முப்பத்துநாலு வயதில் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் வரப்போகிற பேரனும் என்று கூட வேலை செய்யும் குழாய்க்காரர்கள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். உன் வீட்டுக்கு ஈயக்குழாய்த் தண்ணீர் வருகிறது என்று எழுதியிருந்தாய், அதைக் குடிக்காதே, தெருமுனை ஊற்றிலிருந்து மண்குடத்தில் எடுத்து வரச் சொல், உன் மாமியார் முகம் சுளித்தால் அப்பா நீர்வேலைக்காரர், அப்படித்தான் சொல்வார் என்று சொல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்துக்கு யூதித் அத்தை வரவேண்டும், ஆனால் மாமனார் என்ன சொல்வாரோ தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதை இங்கிருந்தே எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்கள். எங்கள் ஜெப ஆலய மூப்பர்கள் மூன்று பேர் முத்திரை போட்டு ஒரு கடிதம் அனுப்புகிறார்கள், இந்தக் கடிதம் வரும் அதே கப்பலில். நசரேயர்களை யாரும் வீட்டில் சேர்க்கக்கூடாது, தீட்டுக் கழிக்கும் நம் முழுக்குக்குளத்தை அவர்கள் கெடுத்துவிட்டார்கள், மருத்துவச்சி யூதித் அவர்களில் ஒருத்தி என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. உன் மாமனார் யாசோன் அங்கே ஜெப ஆலயத் தலைவர், ஓய்வுநாளில் எழுந்து நின்று அதை உரக்கப் படிப்பார். அதனால் அந்தக் குளத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று உனக்கு முதலில் தெரியவேண்டும்.

நாற்பது வருஷமாக அந்தக் குளத்தில் எல்லோரும் முழுகினோம், மேசியா வந்துவிட்டார் என்கிற நசரேயர்களும், வரவில்லை என்கிற மற்றவர்களும். உன் அத்தையும் உன் அம்மாவும் ஒரே நாளில் துணி மூட்டையோடு போவார்கள், அது உனக்கே ஞாபகம் இருக்கும். பிறகு நசரேயர்கள் யூதரல்லாத புறஜாதியாரை அழைத்துவர ஆரம்பித்தார்கள். தறிக்காரன், சுமைகூலி, விடுதலையான அடிமை, யார் வந்தாலும் ஒரு முழுக்கு, ஒரு ரொட்டி, ‘சகோதரா’ என்று ஒரு அணைப்பு, அவ்வளவுதான், விருத்தசேதனமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். இப்படிச் சேர்த்தால் எந்தக் கூட்டம்தான் பெருகாது? ஒவ்வொரு மாடிக்குடியிருப்பிலும் இப்போது அவர்களுக்கு ஓர் அறை இருக்கிறது. எருசலேம் ஆலயம் எரிந்ததிலிருந்து எதைக் காப்பாற்றலாம் என்று துழாவிக்கொண்டிருக்கும் நம் மூப்பர்களுக்குக் கடைசியில் ஒரு குளம் கிடைத்தது. கூடாரப்பண்டிகை முடிந்த வாரமே, நசரேயர் வருகிற சந்துப்பக்க வாசலை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். என்னைக் கேட்டார்களா என்றால் இல்லை. அந்தக் குளத்தின் பழைய வாய்க்காலை எடுத்துப் புதிதாகப் போட்டவன் நான், ஆனால் நான் யூதித்தின் தம்பியாயிற்றே. குளத்தின் கண்காணிப்பாளர் இல்க்கியாவே நின்று கட்டவைத்தார். நசரேயர்கள் சத்தம் போடாமல் ஆற்றுக்குப் போய்விட்டார்கள்.

பஸ்கா முடிந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். தண்ணீர் நாறுகிறது என்று பெண்கள் புகார் சொல்கிறார்களாம், புறஜாதியார் முழுகியதால் கெட்டது என்று நீர்வேலை தெரிந்தவன் ஒருவன் கையெழுத்துப் போட்டால் நல்லதாம். நான் போய்ப் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முழுக்க மழை கொட்டியிருக்கிறது, ஐந்தாம் படியில் நான் வெட்டிவைத்த மழைக்காலக் கோட்டில் நீர் தொட்ட கறைகூட இல்லை. கூரையிலிருந்து வரும் வாய்க்காலில் பாசி காய்ந்து தூளாக உதிர்கிறது. பின்னாலேயே போனால் புதுச்சுவர் நிற்கிறது, வாய்க்காலின் மேல், நட்டநடுவில், சுண்ணாம்பைக் கொட்டி அடைத்துக்கொண்டு. மழைத்தண்ணீர் அந்தப் பக்கம் சந்தில் ஓடிச் சாக்கடையில் விழுந்திருக்கிறது, ஆறு மாதம். அப்படியானால் குளத்தில் இருக்கிற தண்ணீர் ஏது என்று இல்க்கியாவைக் கேட்டேன். அவர் தாடியைத் தடவினார். பின்னால் நின்ற சீரியக் கூலியாள்தான் வாய் திறந்தான்: “நான்தானுங்க கொண்டாந்து ஊத்தறேன். தெரு ஊத்துலேர்ந்து தெனம் விடியறதுக்குள்ள அறுபது குடம். இடுப்பே போச்சு சாமி.”

நான் சிரித்தேன். அங்கே சிரித்திருக்கக்கூடாதுதான், ஆனால் நீயே சொல், குடத்தில் மொண்டு ஊற்றிய தண்ணீர் முழுக்குக்கு ஆகாது என்பது நம் வீட்டில் பேசப்பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். வானத்திலிருந்தோ ஊற்றிலிருந்தோ தானாக வந்து சேரவேண்டும், மனிதன் கை தொட்டுத் தூக்கி ஊற்றினால் அது வெறும் குளியல். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், நசரேயர் காலடி படக்கூடாது என்ற அவசரத்தில் குளத்தையே குளமில்லாமல் ஆக்கிவிட்டார்கள். இந்தப் பேட்டைப் பெண்கள் ஒருத்திக்கும் ஆறு மாதமாகத் தீட்டுக் கழியவில்லை, புருஷன் பாயில் படுக்கவே கூடாதவர்கள், இல்க்கியாவின் மனைவி உட்பட. யாருக்கு முழுக்கு சரியாக நடந்தது தெரியுமா? விரட்டப்பட்டு ஆற்றுக்குப் போனார்களே, அவர்களுக்கு. நான் இதைச் சொன்னதும் இல்க்கியா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, மெதுவாப் பேசுப்பா. இது வெளிய போனா பேட்டையில பாதி வீட்ல பாய் ரெண்டாயிடும். நசரேயன் கெடுத்தான்னு ஒரு வரி எழுதிக் குடு, தண்ணிய எறைச்சிட்டு, சொவத்துல ஓட்டை போட்டுட்டு, எல்லாத்தையும் மறந்துடலாம்” என்றார். “ஐயா, நான் மட்டம் பார்க்கிறவன், கோணலா இருக்கிறதை நேர்னு எழுதினா நாளைக்கு எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?” என்றேன். “அக்காவுக்காகப் பேசறே” என்றார். “இல்லை, அறுபது குடத்துக்காகப் பேசறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள், பிறகு கேட்கவேண்டுமா, இல்க்கியா மூன்று வாரமாகத் தன் மகன் வீட்டில் படுக்கிறார். ஆனால் கடிதம் மட்டும் நிற்கவில்லை. என் கையெழுத்து இல்லாமலே எழுதிவிட்டார்கள், சுவரைப் பற்றியோ குடத்தைப் பற்றியோ அதில் ஒரு எழுத்து கிடையாது.

அந்தப் பக்கம் மட்டும் ஒழுங்கு என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அத்தையின் சபைக்கு இப்போது கிளேயோன் என்று ஒரு போதகர், அபமேயாக்காரன். ஐந்து வருஷத்துக்கு முன்பு தாப்னேயின் விக்கிரகக் கோயிலில் படைத்த பன்றிக்கறியை வரிசையில் நின்று வாங்கித் தின்றவன், இன்றைக்கு உன் அத்தைக்கு மோசேயைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். ஓய்வுநாள் விளக்கு ஏற்றாதே, ஜெப ஆலயத்துக்குப் போகாதே, அதெல்லாம் முடிந்துபோன யூதச் சமாச்சாரம் என்கிறான். அவள் கேட்டிருக்கிறாள், “நீங்க கும்பிடறவரு யாருன்னு நெனைச்சீங்க, கிரேக்கரா? அவரோட அம்மாவும் எங்கள மாதிரி விளக்கு ஏத்தினவங்கதான் அண்ணே” என்று. அதற்கு அவன், “அம்மா, நீங்க இன்னும் பாதிதான் வந்திருக்கீங்க” என்றானாம். ஆக இவர்களுக்கு அவள் போய்விட்டவள், அவர்களுக்கு இன்னும் வந்துசேராதவள். அவள் நம்புவதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை, செத்தவர் எழுந்தார் என்பதை நான் மட்டக்கோல் வைத்துப் பார்க்க முடியாது, அதை அவளிடமே நூறு தடவை சொல்லிவிட்டேன். ஆனால் நீ பிறந்தபோது கால் முதலில் வந்தது. உன் அம்மாவுக்கு வயது பதினாறு, எனக்குப் பதினேழு, பேட்டை மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து வானத்தைப் பார்த்தாள். அப்போது உள்ளே போனவள் யூதித். இரண்டு பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தாள். இது எனக்குத் தெரிந்த விஷயம், மற்றதெல்லாம் வாதம். பிள்ளை கால் முதலில் வரும் இந்த வாகு தாயிடமிருந்து மகளுக்கு வருவதுண்டு என்று அவளே சொல்கிறாள், உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் எழுதாமலும் இருக்கமாட்டேன்.

முதலில் அவள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். “சம்பந்தி வீட்டு வாசல்ல நிறுத்தி, நீ நசரேயக்காரியான்னு கேட்டா நான் என்னடா சொல்றது?” என்றாள். “மருத்துவச்சின்னு சொல்லு, பொய்யில்லையே” என்றேன். “பொய்யில்ல, ஆனா ஒளிக்கறது” என்றாள். பிடிவாதத்தில் இல்க்கியாவுக்கும் கிளேயோனுக்கும் இவள் பெரியம்மா. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வாளாம், சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பாளாம். சரி, கிளம்பு என்று நானே செலூக்கியா துறைமுகத்துக்குப் போய்க் கப்பலில் இடம் பேசிவிட்டேன், எட்டு நாள் கழித்துக் கிளம்புகிறாள். உன் அம்மா கைப்பிள்ளையோடு கப்பல் ஏற முடியாது. என்னை நீ கூப்பிட்டால் வந்து உன் வீட்டுச் சாக்கடையைச் சரிசெய்யலாம், பிரசவம் பார்க்க முடியாது.

உன் புருஷனிடம் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டு, அவன் கணக்காக யோசிக்கிற பையன், அறுபது குடம் அவனுக்குப் புரியும். மாமனாரிடம் அவன் பேசட்டும், மரியாதையாக, ஆனால் பேசட்டும். உலர்ந்த அத்திப்பழம் ஒரு கூடை, அம்மா நெய்த துணி நான்கு முழம், அத்தையிடம் வருகிறது. கனமாக எதையும் தூக்காதே, மாடிப்படி ஏறாதே, உப்பைக் குறை. ஆபிரகாமின் கடவுள் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் பார்த்துக்கொள்ளட்டும், நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயது இரு. பெந்தெகொஸ்தே பண்டிகையிலிருந்து தினமும் வாசலில் ஒரு காது வைத்துக்கொள். அவள் வந்து கதவைத் தட்டினால் யார் என்று உள்ளேயிருந்து யாரும் கேட்க விடாதே. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். கேட்பதற்குள் நீயே போய்த் திற.

உன் அப்பா,
நீர்வேலைக்காரன் மெனாகேம்