விசுவமடு மச்சாள் வந்து நின்றது

ஆடி 12, செவ்வாய்.

இன்று எனக்குப் பிரஷர் கிளினிக். மறதி நோய்க்கார மனுசனோடு ஒரு காலை மட்டும் இருக்கும்படி, இவருடைய தங்கையை விசுவமடுவிலிருந்து மன்றாடிக் கூப்பிட்டேன். வந்தவள் சும்மா இருந்தாளா? "அண்ணை, நான் ஆர் சொல்லுங்கோ பாப்பம்?" என்று விடாமல் கேட்டிருக்கிறாள். வருகிற எல்லோரும் இவருக்கு வைப்பது இதே பரீட்சைதான்.

இவர் குழம்பிப்போய், மண்வெட்டியோடு வயலுக்குத் தண்ணீர் கட்டப் புறப்பட்டுவிட்டார். அவள் எனக்குப் போன் எடுத்தாள். பரந்தன் சந்தி வரை போன நான் டொக்டரைக் காணாமலே திரும்பி ஓடிவந்தேன்.

"நீங்கள் வீட்டுக்குள்ள அடைச்சு வைச்சுத்தான் இப்பிடி, மச்சாள்" என்று எனக்கே புத்தி சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

சாப்பிடும்போது இவர் மெல்லச் சொன்னார்: "பாவம் அந்தப் பிள்ளை. தான் ஆரெண்டே தெரியாமல் என்னட்டைக் கேக்குது. தனிய விடாதை. நீ கூட இருந்து பார்."