பிளஸ் இடப்பக்கம் வந்த பேட்டரி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தது தரையோடு ஒட்டிய உன் சின்னக் கார் ஒன்றுதான், அதற்கும் இப்போது உயிர் வந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, போனில் எது கேட்டாலும் ம் என்கிறாய், அந்த ஒற்றை எழுத்தை வைத்துக்கொண்டு நான் என்ன தெரிந்துகொள்வது, அதனால்தான் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு எழுத உட்கார்ந்தேன். உன் அண்ணன் வீட்டுக் குட்டி நடக்க ஆரம்பித்துவிட்டாள், போன வாரம் என் தையல் கடைக்கு வந்து ஒரு நூல்கண்டு முழுவதையும் மேஜைக் காலில் சுற்றி வைத்துவிட்டுப் போனாள், அதைப் பிரிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஊசி கோர்க்கக் கண் மக்கர் செய்கிறது, கண்ணாடி மாற்ற வேண்டும், மற்றபடி உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை.

இனி வண்டி விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ, இப்போதைக்கு நான் அங்கே வருவதாக இல்லை, வண்டி சும்மா நின்று பாழாகிறது, முனை வீட்டுப் பல் டாக்டர் கேட்கிறார், ஏதாவது ஒரு பேட்டரியைப் போட்டு ஓட்டிக் காட்டிக் கொடுத்துவிடுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னாயே, யாரிடம் சொல்கிறோம் என்று கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா. ஊரில் இருக்கிற தராசை எல்லாம் சோதித்து முத்திரை குத்தியே ஓய்வு பெற்ற மனுஷரிடம் ஏதாவது ஒன்று என்று சொன்னால் அவருக்கு எப்படித் தூக்கம் வரும். மறுநாளே செத்த பேட்டரியை டிக்கியிலிருந்து கழற்றி, என் தையல் டேப்பால் நீளம் அகலம் உயரம் எடுத்து, ஷெட்டில் வைத்திருக்கிற தன் தராசில் நிறுத்தும் பார்த்துவிட்டார். என் டேப்பில் இன்னும் கறுப்பு அழுக்கு போகவில்லை, ஒரு வாடிக்கையாளர் அம்மாவின் இடுப்பில் அது ஒட்டி, நான் திட்டு வாங்கினேன். அப்புறம் கடை கடையாக ஏறி இறங்கினார். உனக்கு ஒரு காலத்தில் ஆசையாக இருந்ததே, அந்த லேசான லித்தியம் பேட்டரி, அதைப் போட்டால் என் தையல் மெஷின் தலை அளவுக்கு எடை குறையுமாம். நீங்கள் இறங்கிக்கொண்டால் அதைவிட எவ்வளவோ குறையுமே என்றேன், மூன்று வேளையும் என்னோடு பேச்சு இல்லை.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. லேசாக இருந்தால்தான் வளைவில் நன்றாகத் திரும்பும் என்று அப்பாவும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள் புகுந்து ரேடியோவைக் கழற்றி, தரைவிரிப்பைக் கழற்றி, ஸ்டெப்னியைக்கூட எடுத்து, ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, என்னவோ பெரிய கொள்ளை அடித்த மாதிரி சிரிப்பீர்கள். சாப்பாடு ஆறிப்போகிறது என்று நான் கத்தினால் இரண்டு பேருக்கும் காது கேட்காது. அப்படி எடை பார்த்த பெண் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது மட்டும் பெட்டியில் பாதி வீட்டை அடைத்துக்கொண்டு போனாள், அதை நான் சொல்லவில்லை.

சரி, அப்பா கதையை முடிக்கிறேன். லேசானது வேண்டாம், ஒருதரம் முழுசாக இறங்கிவிட்டால் பிழைக்காது என்றார். சாதாரண பேட்டரியைக் காட்டினால், மூடிய டிக்கிக்குள் இருக்கும்போது அதன் வாயு வெளியே போகக் குழாய் மாட்ட வழியில்லை என்றார். ஒரு பேட்டரியை எடுத்துவந்து எடை போட்டு, மேலே ஒட்டிய சீட்டில் போட்டிருக்கிற எடை இல்லை என்று திருப்பிக் கொண்டுபோனார், இது பேட்டரி ஐயா, தக்காளி இல்லை என்று கடைக்காரம்மா சொல்லி அனுப்பினாள். டாக்டர் தன் காரிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணித் தருகிறேன் என்று நல்ல மனதோடு வந்தார், இது நோஞ்சான் வண்டி, ஷாக் தாங்காது என்று அவரையும் வாசலோடு அனுப்பிவிட்டார். கடைசியில் ஒன்று வாங்கிவந்தார், அளவு கச்சிதம், குழாய்க்கு ஓட்டையும் இருந்தது, ஆனால் பிளஸ் வலப்பக்கம் வர வேண்டிய இடத்தில் இடப்பக்கம் வந்துவிட்டது. வயர் எட்டவில்லை, ஒரு சாண் பாக்கி. தராசு முள் ஒரு மயிரிழை விலகினாலே கடைக்காரனைப் பிடித்துவிடும் ஆளுக்கு இது எப்படித் தப்பியது, வயதாகிவிட்டதோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில் வாய் நீண்டு, கண் தெரியவில்லையா, புத்தி எங்கே போயிற்று என்றெல்லாம் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, கடையிலயே பாத்துட்டேன், தெரிஞ்சுதான் வாங்குனேன், வண்டி ஓடுச்சுன்னா கைவிட்டுப் போயிடும்ல என்றார்.

நீ போனில் எத்தனையோ சொன்னாய், அவர் காதில் விழுந்தது இப்போதைக்கு வருவதாக இல்லை என்பது மட்டும்தான். வண்டி போய்விட்டால் நீ வரவே மாட்டாய் என்று முடிவு கட்டிவிட்டார், அதை உன்னிடம் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பயம் இல்லையா என்ன, நான் வேலையில் மறந்துவிடுகிறேன், அவருக்கு மறக்க வேலை இல்லை.

மறுநாள் நானே அந்த இடப்பக்க பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன், இடுப்பு இன்னும் வலிக்கிறது. கடைக்காரம்மா ஒரே கேள்விதான் கேட்டாள், வண்டி ஓடுமா, நிக்குமா, விக்கப்போறீங்களா, அதைச் சொல்லுங்க, அதுக்குத் தகுந்தாப்ல தரேன் என்றாள். விற்கிற வண்டிக்கு மட்டமானது போதுமாம், அடிக்கடி ஓட்டுகிறவர்களுக்கு லேசானது சரியாம், பெரும்பாலும் நின்று வாரத்தில் ஒருநாள் ஓடுகிற வண்டிக்கு நடுவாந்தரத்தில் ஒன்று, கொஞ்சம் கனம், ஆனால் பொறுமையாக இருக்குமாம், வருஷக்கணக்கில் தாங்குமாம். உன் வண்டி, உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. வாரத்தில் ஒருநாள் ஓடும் என்று சொல்லி அந்தப் பொறுமைசாலியையே வாங்கிவந்துவிட்டேன். பிளஸ் எந்தப் பக்கம் என்று நாலு தடவை பார்த்துத்தான் வாங்கினேன், நீ கவலைப்படாதே.

முந்தாநாள் அப்பா அதை மாட்டினார். சாவியின் முதல் திருகலிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. ஏறு என்றார். நீ கூப்பிட்டபோதெல்லாம், அது உட்காருகிற வண்டியா, படுக்கிற வண்டியா, மாட்டேன் என்றவள் நான், எப்படியோ மடங்கி உட்கார்ந்துவிட்டேன், ரோடு என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஓடியது. முனை வீட்டு வாசலில் டாக்டர் சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு நின்றிருந்தார், பாவம், சத்தம் கேட்டுத் தனக்குத்தான் ஓட்டிக் காட்ட வருகிறோம் என்று நினைத்திருப்பார். உன் அப்பா அவருக்குக் கையாட்டிவிட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியாது, வளைவு வரும்போதெல்லாம் பார்த்தியா பார்த்தியா என்றார், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஆமாம் ஆமாம் என்றேன்.

நீ வர வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை, உன் வேலை, உன் வாழ்க்கை, உனக்குத் தெரியும். விற்கத்தான் வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் வண்டியைத் துடைத்துச் சாவியை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவார், முகம்கூட மாறாது, நீ கேட்டு எதை இல்லை என்றிருக்கிறார். அதனால்தான் கேட்கிறேன், அந்த வார்த்தையைச் சொல்லாதே கண்ணு.

உனக்கு நோய்நொடி இல்லாமல், மனதுக்குப் பிடித்ததெல்லாம் நடந்து, நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. இந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் பண்ணாதே, அவருக்குப் பண்ணு, வண்டி எப்படி ஓடுகிறது என்று கேள், ஒரு மணி நேரம் விடமாட்டார், போனை வைத்துவிடாமல் கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
இடுப்பு வலியோடும் ஆசையோடும்,
உன் அம்மா