தலைவரைச் சுற்றிப் போகும் வழி

ஜனவரி 6, 2025 – திங்கள்

காலை ஏழு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி எங்கள் சுரங்க யூனியன் தலைவர் எத்திராஜுக்குத் தலை கழுவி விட்டேன். புறாக்களுக்கு ஊரில் வேறு இடமே கிடைப்பதில்லை. என் தலைக்கு எண்ணெய் வைக்கவே சோம்பல்படுகிறவன், இருபது வருஷமாக ஒரு சிமெண்டுத் தலைக்குச் சோப்புப் போடுகிறேன்.

உள்ளேயிருந்து ஜெயசீலி குரல் கொடுத்தாள்: “அவுரு குளிச்சாச்சுன்னா எனக்கும் ஒரு சொம்பு தண்ணி கொண்டாங்க.”

அவள் இடுப்பெலும்பு உடைந்து ஒரு மாதம் ஆகிறது. ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் ஆனி பெங்களூரிலிருந்து நல்ல நாற்காலியாக வாங்கி அனுப்பியிருக்கிறாள். அது ஹாலில் சும்மா நிற்கிறது. வாசலில் மூன்று படி, படி முடிந்து இரண்டடியில் சிலையின் பீடம். வலப்பக்கம் வேறொருவர் வீட்டுச் சுவர், இடப்பக்கம் பக்கத்து வீட்டுத் தாமோதரனின் காம்பவுண்டு. நானே பக்கவாட்டில் திரும்பித்தான் கேட்டுக்குப் போகிறேன். பின்கதவைத் திறந்தால் பாறையும் சாக்கடையும். நாற்காலி எங்கே போகும்?

ஜனவரி 12 – ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் ஆட்கள் வந்தார்கள். வாராவாரம் நான்கு வாலிபர்கள் வந்து நாற்காலியோடு தூக்கிப்போவதாகச் சொன்னார்கள். ஜெயசீலி வேண்டாமென்று கும்பிட்டுவிட்டாள். “நாலு பேரு தூக்கிக்கினு போறது கடைசியா ஒரு தபா போதும். அதுக்கு நான் இன்னும் தேதி குடுக்கல.”

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். குருத்தோலை ஞாயிறுக்காவது தன் சக்கரத்திலேயே சர்ச்சுக்குப் போகவேண்டுமாம்.

“போலாம். சிலைய எடுத்துடறேன்” என்றேன். அடுப்பிலிருந்து பாலை இறக்குகிற மாதிரி.

ஜனவரி 15 – புதன்

சிலையை இங்கே வைத்தது யார்? வேறு யார், நான்தான்.

2004. தலைவர் இறந்து ஒரு வருஷம். சிலைக்கு ராபர்ட்சன்பேட்டையில் பொது இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டிருந்தபோது எழுந்து நின்று மார்தட்டினேன்: “என் வாசல்ல வெய்யுங்க! எவன் கேக்கறான் பாப்போம்!” கைதட்டல் காதைப் பிளந்தது. அந்தக் கைதட்டலுக்குத்தான் வாசலை விற்றேன். வீடு வந்து சொன்னபோது ஜெயசீலி கேட்டது ஒரே கேள்வி: “துணி எங்க காயவெக்கறது?”

அதோடு விட்டேனா? அஸ்திவாரம் தோண்ட வந்தவர்கள் மூன்றடி போதும் என்றார்கள். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் டிம்பர்மேன் நான். சுரங்கத்துக்கு முட்டுக்கொடுத்த கை சும்மா இருக்குமா? பன்னிரண்டு அடி தோண்ட வைத்தேன். அடியில் பழைய டிராலித் தண்டவாளங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, சுரங்கத்தில் இறங்கும் ஷாஃப்ட்டின் வாய்க்கு ஊற்றுகிற மாதிரி கான்க்ரீட் ஊற்றினோம். நூறு வருஷத்துக்கு அசையாது என்று எல்லோருக்கும் காபி வேறு வாங்கிக் கொடுத்தேன்.

ஜனவரி 20 – திங்கள்

நினைவுக் குழுத் தலைவன் கிளமெண்டிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் பீரோவைத் திறந்து லேமினேட் செய்த ஒரு பத்திரத்தை எடுத்து என் கையில் கொடுத்தான். ‘எனக்கோ என் வாரிசுகளுக்கோ சூரியசந்திரர் உள்ளவரை ஆட்சேபணை கிடையாது.’ கையெழுத்து, ஆபிரகாம், அதாவது நான். அழகான கையெழுத்து.

“அண்ணே, சூரியன் மேலதான கீது?” என்றான் கிளமெண்ட்.

சரி, எதிர்க்கட்சி இருக்கிறதே என்று தாமோதரனிடம் போனேன். பக்கத்து வீடு, அதே டிம்பர் கேங்க். மைனை மூடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் எத்திராஜ், பெட்டி வாங்கிக்கொண்டுதான் போட்டார் என்று இருபத்து நான்கு வருஷமாகச் சொல்கிறவன். மூடின நாளன்று வருஷம் தவறாமல் சிலைக்குச் செருப்பு மாலை போடுகிறவன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

“இன்னாபா பேசற நீ?” என்று எகிறினான். “சிலைய எடுத்துட்டா நாங்க செருப்ப எங்க கொண்டுபோய் மாட்டறது? ஆட்டு மேலயா?”

வீடு என் பேரில். வரி நான் கட்டுகிறேன். எடுக்க மட்டும் எனக்கு உரிமை இல்லை!

பிப்ரவரி 4 – செவ்வாய்

கிளமெண்ட் வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான் என்று தெரிந்துகொண்டு, பங்காருபேட்டை வேலுவின் ஜேசிபியை ரகசியமாக வரச் சொல்லியிருந்தேன். ஜேசிபியை ரகசியமாக வரச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். பத்து நிமிஷத்தில் தெருவே கூடிவிட்டது. மாலைக்காரர்கள் ஒருபக்கம், செருப்புக்காரர்கள் ஒருபக்கம். இரண்டு கூட்டமும் சேர்ந்து ஒரே கோஷம்: “எடுக்காதே! எடுக்காதே!” அந்த ஒற்றுமை மைனை மூடும்போது இருந்திருக்கலாம்.

அவர்கள் தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கேட்டைக் கழற்றி, பீடத்தை அரைமணி நேரம் குத்தினார்கள். பக்கெட்டின் பல் இரண்டு உடைந்தது. என் வீட்டுக் கண்ணாடி மூன்று உடைந்தது. பீடத்தில் ஒரு கீறல்.

வேலு இறங்கிவந்து வியர்வையைத் துடைத்தான். “சார், இத வெடிமருந்து வெச்சுதான் எடுக்கணும். வெச்சா வூடும் போயிடும். எந்தப் பைத்தியக்காரன் சார் இப்டி அஸ்திவாரம் போட்டது?”

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

பிப்ரவரி 5

ஜெயசீலிக்குக் கஞ்சி வேண்டாமாம்.

பிப்ரவரி 19 – புதன்

நாற்காலியை ஜன்னலோரம் தள்ளி வைக்கச் சொன்னாள். அங்கிருந்து பார்த்தால் தெரிவது தலைவரின் முதுகும், அவர் தூக்கிய வலது கையும்தான். முழு நாளும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலையைக் கழுவும்போதுகூட அந்தக் கையை நான் பார்ப்பதில்லை. ஏன் என்று இந்த டைரியில்கூட எழுதினதில்லை.

பிப்ரவரி 28 – வெள்ளி

எழுதிவிடுகிறேன். இன்றைக்குத்தான் வாயால் சொல்லியாகிவிட்டதே.

இன்று மைன் மூடின நாள். வழக்கப்படி காலை பத்து மணிக்குக் கிளமெண்ட் ஆட்கள் பூமாலை, சாயந்திரம் நாலு மணிக்குத் தாமோதரன் ஆட்கள் செருப்பு மாலை. நேரம் அவர்களுக்குள்ளேயே பேசி வைத்தது. நடுவில் வாசலைப் பெருக்குவது நான். தாமோதரன் ஸ்டூலில் ஏறி மாலையைத் தூக்கினான். ஸ்டூலும் என்னுடையதுதான். “துரோகி! கையெழுத்துப் போட்ட துரோகி!” என்று கத்தினான்.

எனக்கு என்ன ஆயிற்றோ. ஜன்னலில் ஜெயசீலி முகம் தெரிந்தது. பெருக்குமாற்றைக் கீழே போட்டேன்.

“தாமு, நிறுத்து. அவரு தானா போடலடா. கடைசி மீட்டிங்க்ல ‘போடட்டுமா, சம்மதம்னா கை தூக்குங்க’ன்னு கேட்டாரு. ஒருத்தனும் தூக்கல. மொத கை என்னுது. நான் தூக்கினேன், அப்புறம்தான் எல்லாரும் தூக்கினாங்க. எனக்கு பயம்டா. உள்ளதும் போயிடும்னு பயம். அந்த மாலைய எனக்குப் போடு.”

அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவரை வாசலில் நிற்க வைத்து, வாரம் தவறாமல் குளிப்பாட்டி, ஊர் ஏசுவதையெல்லாம் அவர் தலையில் வாங்க வைத்தேன். தொண்டன் என்று பேர் வேறு. எவ்வளவு வெட்கங்கெட்ட ஆள் நான்!

தாமோதரன் ஸ்டூலிலேயே நின்றான். “தெரியும்பா. உன் பின்னாடிதான நின்னேன்” என்றான் மெதுவாக. “நீ தூக்கினதும் அப்பாடான்னு நானும் தூக்கினேன்.”

“அப்ப ஏண்டா இவருக்குச் செருப்பு?”

“பின்ன, பக்கத்து வூட்டுக்காரனுக்கா போட முடியும்? காலைல எழுந்தா மூஞ்சில முழிக்கணுமே.”

இறங்கினான். மாலையிலிருந்த தன் ஜோடியை மட்டும் அவிழ்த்து மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜெயசீலி கஞ்சியைக் குடித்தாள்.

மார்ச் 1 – சனி

காலையில் கடப்பாரைச் சத்தம். என் வீட்டை இடிக்கிறார்கள் என்றுதான் ஓடினேன். தாமோதரன் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள காம்பவுண்டை இடித்துக்கொண்டிருந்தான். தன் பக்கத்தில் நாலடி விடுகிறானாம்.

“பாறை கெட்டியா இருந்தா இன்னாபா பண்ணுவோம் உள்ள? முட்டிக்கினா நிப்போம்? சுத்திக்கினு போவோம். சரிவா ஒரு பாதை, உன் வாசப்படிலருந்து சிலைய ஒரு சுத்து சுத்தி கேட்டுக்கு. முப்பது வருஷம் அதான செஞ்ச? மண்டைல இன்னா கீது உனக்கு?”

ஒன்றும் இல்லை என்றுதான் தெரிகிறது. இரண்டு மாதம் யோசித்து ஜேசிபி கூட்டிவந்த மண்டை.

மார்ச் 23 – ஞாயிறு

சரிவுப் பாதைக்குச் சிமெண்டு போட்டாயிற்று. கிளமெண்ட் மணல் அனுப்பினான். கூடவே ஒரு நிபந்தனை: தலைவரை வலமாகத்தான் சுற்றவேண்டும், இடமாகச் சுற்றினால் மரியாதை இல்லை. நல்லவேளை, போகும்போது வலம்தான்.

“திரும்பி வர்றப்ப?” என்று தாமோதரன் கிளறிவிட்டான். இரண்டு பேரும் அரைமணி நேரம் கத்தினார்கள்.

“வர்றப்ப நான் கண்ண மூடிக்கினு வர்றேன்பா, விடுங்க” என்றாள் ஜெயசீலி உள்ளேயிருந்து.

மார்ச் 30

காய்ந்துவிட்டது. காலி நாற்காலியைத் தள்ளிப் பார்த்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது நானே உட்கார்ந்து உருண்டு பார்த்தேன். கேட்டில் மோதி முட்டி பெயர்ந்தது.

ஏப்ரல் 13 – குருத்தோலை ஞாயிறு

ஜெயசீலி நீலப் புடவை கட்டிக்கொண்டாள். நாலு மாதம் கழித்து வெளியே வருகிறாள். கர்த்தரிடம் போக ஒரு யூனியன் தலைவரை வலம்வர வேண்டியிருக்கிறதே என்று சிரித்துக்கொண்டே வந்தாள். தாமோதரன் சுவர் இல்லாத தன் வாசலில் நின்று பார்த்தான். அடுத்த வருஷம் செருப்பு மாலை உண்டா என்று கேட்டேன். உண்டாம். சின்னதாக.

பீடத்தைச் சுற்றி முன்பக்கம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இத்தனை நாள் முதுகையே பார்த்தவள், தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

“பாவங்க, அவுரு இன்னும் கைய தூக்கிக்கினே கீறாரு” என்றாள். “நீங்க இறக்கிட்டீங்க இல்ல?”

என் இரண்டு கைகளும் அவள் நாற்காலியின் பிடியில் இருந்தன. மெதுவாகத் தள்ளினேன்.