சூடேற்றி வைத்த வண்டி

இன்று காலை எழுந்ததும் முகம்கூடக் கழுவவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் உங்கள் காரை ஸ்டார்ட் செய்தேன். எதிர்பார்த்த சத்தம் உடனே வந்தது. தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கடகடப்பு. எஞ்சின் சூடேற ஏற அது தேய்ந்து, கடைசியில் இல்லாமலே போனது. வாசல் முழுக்கப் பெட்ரோல் புகையும் சூடான ஆயிலும் கலந்த வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் சட்டையில் இருக்கும் வாசனை. அதை முகர்ந்தபடி நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? கார் வாங்க அமுதா வருவதற்குள் அந்தச் சத்தத்தை மறைத்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் கம்பெனியில் உங்கள் லைனில் வேலை பார்த்த அதே வடக்குப்பட்டு அமுதாதான். நீங்கள் போன பிறகும் என்னை மறக்காமல் வந்து பார்க்கிறவள். இப்போது டிரைவிங் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் காரை நாம் வாங்கப் போன நாள் நினைவிருக்கிறது. தண்டலம் பக்கத்தில், ஹைவே ஓரம், பழைய வண்டிகள் விற்கும் இடம். நீங்கள் சாவியைக்கூட வாங்கவில்லை. நேராகப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தீர்கள். சுட்டது.

"இன்னா தலைவா, காலையிலயே குளிப்பாட்டி, கஞ்சி ஊத்தி ரெடியா வெச்சிகினு கீறயா?"

விற்பவர் அசடு வழிந்தார். "இல்ல சார், இப்பதான் இட்டாந்து நிறுத்தினோம்."

"பரவால்ல, ஆறட்டும். நாங்க சாப்ட்டு வர்றோம்."

சாப்பிட்டோம், டீ குடித்தோம், மறுபடி டீ குடித்தோம். வெயில் இறங்கும்வரை என்னை உட்கார வைத்தீர்கள். "பாவம், அந்த ஆளு முகத்தப் பாக்கவே முடியல. விடுங்களேன்" என்று நான்தான் முனகினேன். "சூடா இருக்கறப்போ எல்லா வண்டியும் நல்ல புள்ளதான். ஆறினப்புறம் பாக்கணும்" என்றீர்கள். ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து கேட்டுவிட்டுத்தான் வாங்கினீர்கள். அன்றைக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

சத்தம் பல வருஷம் கழித்துத்தான் வந்தது. ஒரு ஞாயிறு காலை என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் அடியில் படுத்தீர்கள். சைலன்சர் மேலிருக்கும் தகட்டை முடுக்கினீர்கள். சத்தம் நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னீர்கள். அப்போதும் நிற்கவில்லை. எஞ்சினை ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்ய வைத்தீர்கள். "ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடு. சும்மா நிக்கவுடு" என்று கத்திவிட்டு, நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, இடம் இடமாக மாற்றினீர்கள். ஓரிடத்தில் வந்ததும் அசையவில்லை. என்னையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தீர்கள்.

"கேக்குதா?"

"உங்க குறட்ட மாதிரி இருக்கு."

"என் குறட்டையால யாரும் சாவ மாட்டாங்க. இது அப்டி இல்ல."

உள்ளே ஓடும் டைமிங் செயின் தொய்ந்துவிட்டது என்றீர்கள். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது. ஆயில் ஏறிய பிறகு ஒருவழியாகப் பிடித்துக்கொள்கிறது, அதுவரை செயின் அடித்துக்கொள்கிறது. "இன்னிக்கோ நாளைக்கோ அறுந்தா வண்டி நடு ரோட்ல நின்னுடும். ஒரகடம் ரோட்ல பின்னாடி வர்றது கன்டெய்னர் லாரி." அடுத்த ஞாயிறு பிரித்து மாற்றலாம் என்றீர்கள். அந்த ஞாயிறுக்கு நீங்கள் இல்லை. அதன் பிறகு நான் அந்தக் காரைத் தெருவைத் தாண்டி எடுத்ததே இல்லை.

இன்று அமுதா நைட் ஷிப்ட் முடித்து, யூனிபார்மோடு வந்தாள். நான் ஸ்டார்ட் செய்து காட்டினேன். சத்தமே இல்லை.

"சார் வண்டி. இதுல பாக்கறதுக்கு இன்னாக்கா கீது?" என்று சொல்லிக்கொண்டே பானெட்டைத் தடவினாள். சோதிக்க இல்லை, ஆசையாகத்தான். "சூடா கீதே. எங்கனா போய்ட்டு வந்தீங்களா?"

"பால் வாங்கப் போனேன்."

"தெருமுனை பால் கடைக்குக் காரா? சொல்லவே இல்ல, எங்க அக்கா பெரிய ஆளாயிட்டாங்க!"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் என் வாயில் கசக்கிறது.

அவள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் அதே கம்பெனிக்கு வருகிறார்களாம். இனி அவர்கள் ஷேர் ஆட்டோவில் தொங்க வேண்டாம், தானே கூட்டிப் போகிறேன் என்றாள். "சத்தம் வர்ற எஞ்சின் ஒண்ணுகூட சார் கைய தாண்டிப் போனதில்லக்கா. கண்ண மூடிகினு எடுத்துக்கறேன்." வெள்ளிக்கிழமை வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

உங்கள் பெயரைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். அது பொய். விலை குறைந்துவிடும் என்று பயந்தேன். ஏமாறாமல் இருக்க நீங்கள் எனக்குக் காட்டித் தந்ததை வைத்தே, உங்களை நம்பி வந்தவளை ஏமாற்றினேன். அதுவும் மூன்று பெண்கள் அந்த லாரிகளுக்கு முன்னால் போகப்போகும் வண்டியில்.

மதியம் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் ஒரு மெக்கானிக்குக்கு போன் செய்தேன். செயினும் டென்ஷனரும் மாற்றிவிடலாம், வெள்ளிக்குள் முடியும் என்றார். கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்து கொடுத்துவிடலாமே. அமுதா கடைசிவரை அறியமாட்டாள். பிறகு புரிந்தது, அதுவும் காலையில் செய்த அதே வேலைதான். இந்த முறை என்னைச் சூடேற்றி வைத்துக்கொள்கிறேன்.

மெக்கானிக்கிடம் இரண்டு நாள் கழித்து வரச் சொல்லியிருக்கிறேன். காரணம் சொல்லவில்லை. நாளைக் காலை வண்டியைத் தொடப்போவதில்லை. ஷிப்ட் முடித்து வரும் அமுதாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, சாவியை அவளையே திருப்பச் சொல்லப்போகிறேன். அவள் கேட்கட்டும். எந்த இடத்திலிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று நீங்கள் சொன்னபடியே சொல்லிவிடுவேன். என் செலவில் மாற்றித் தருகிறேன், பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடு என்பேன். அவள் என்னை இனி அக்கா என்று கூப்பிடாமலும் போகலாம்.

அதெல்லாம்கூடச் சொல்லிவிடலாம். அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு, நான் பால் வாங்கப் போகவில்லை என்று சொல்ல வேண்டும். அதைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.