நாற்றம் நின்ற நிமிடம்

மச்சான்,

உன் திதிக்காக இன்று காலை நம் ஊர் திகாம் பத்துவுக்கு வந்தேன். சாலை வளைவில் கட்டிப்பால் ஆலையின் நாற்றம் காருக்குள் புகுந்தது. மரத்தில் கட்டும் மங்குக் கிண்ணத்தில் உறைந்த ரப்பர்ப்பாலை இன்னும் அதே இடத்தில்தான் குவித்து வைத்திருக்கிறார்கள். காரை நிறுத்தி, சட்டையில் மாட்டியிருந்த கேஸ் மீட்டரைப் பார்த்தேன். விஷ வாயு எதுவும் இல்லை என்று பூஜ்ஜியம் காட்டியது. உன்னிடம் காட்ட வேண்டும் போலிருந்தது.

இந்த நாற்றத்தில்தான் நாம் வளர்ந்தோம். பள்ளி பஸ்ஸில் டவுன் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். நாம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவோம். இருவரும் தெற்கே எண்ணெய்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தத் திமிர் உன்னை விட்டுப் போகவில்லை. "கட்டிப்பால் மூக்கு மச்சான் இது. எதுக்கும் அசராதுலா" என்பாய். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நம் நாட்டுக் கடலில் எடுக்கும் கச்சா எண்ணெயில் பெரும்பாலும் கந்தகம் குறைவு. நமக்குப் பழக்கம் அதோடுதான். நீ போன அன்று கப்பலில் வந்தது கந்தகம் மிகுந்தது; 'சவர்' என்பார்கள். இரும்பையே அரிக்கும். கந்தகத்தைப் பிரித்தெடுக்காமல் அதை நல்ல டீசலாக்க முடியாது. அது நிற்கும் டாங்கிக்குள், எண்ணெய்க்கு மேலே விஷ வாயு திரளும். முதலில் அழுகிய முட்டை நாறும். அளவு கூடினால் அந்த வாயுவே மூக்கை மரத்துப்போக வைத்துவிடும் என்று பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நாம் பந்தாட்டம் பேசிக்கொண்டிருந்தோம்.

எண்ணெய் மட்டம் பார்க்க டாங்கி உச்சிக்கு நீ ஏறினாய். உன் மீட்டர் சார்ஜில் கிடந்தது. மூடியைத் திறந்துவிட்டு மேலிருந்து கத்தினாய்: "நாத்தம் வந்துச்சு, இப்ப போயிருச்சு மச்சான். காத்து மாறிருச்சு. பாத்துட்டு எறங்கிர்றேன்."

கீழே நின்ற நான் "சரி" என்றேன். மறுபடி அண்ணாந்தபோது கைப்பிடிக் கம்பிக்கு மேல் உன் தலை தெரியவில்லை.

இன்று உன் படத்துக்கு முன் இலை போட்டிருந்தபோது பாஸ் போனில் கூப்பிட்டார். "நாளைக்கு சவர் டாங்கி தெறக்கணும். மூணு மீட்டர் ரிப்பேர்ல போயிருக்கு. ஒங்க மீட்டர வச்சே நாலு பேரும் ஏறுங்க. நாத்தம் வந்தா எறங்கிடுங்கலா."

"ஆளுக்கு ஒண்ணு வராம யாரும் ஏற மாட்டாங்க பாஸ். நானும்தான்."

"அப்ப நான் வேற ஆளப் பாக்கணும்."

"அவங்க கிட்டயும் இதையேதான் சொல்லுவேன்."

உன் அம்மா பாயசக் கரண்டியோடு நின்றிருந்தார். "வேல போயிருமாய்யா?"

"போனா போகட்டும்மா."

அவர் என் இலையில் இன்னொரு கரண்டி ஊற்றினார்.

பாஸ் இரண்டாம் முறையும் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "சரின்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அந்த ஒரு வார்த்தையைத்தான், மச்சான், அன்று கீழே நின்று உனக்குச் சொன்னேன். அவருக்குச் சொல்லவில்லை.